இருபதுக்குக் கீழே

செந்தூரனின் விரலில் மாட்டியிருந்த கவ்வியைக் கழற்றாமலே டாக்டர் பெனிட்டா கருவியின் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பச்சை எழுத்தில் பதினான்கு என்று காட்டியது.

"நேத்தும் இதேதானுங்களே டாக்டர்?" என்று கேட்டார் செந்தூரனின் அண்ணன் ரகுபதி.

"முந்தாநேத்தும் இதேதான். தொடர்ந்து இருபதுக்குக் கீழயே இருக்குங்க. இதுக்கு மேல இந்த வார்டுல வெச்சுக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

"அப்புறம்?"

"அமைதி அறைக்கு மாத்திடுவோம். குழாயெல்லாம் எடுத்துடுவோம். வலி தெரியாமப் பாத்துக்குவோம். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சாயங்காலத்துக்குள்ள சொன்னாப் போதும்."

அமைதி அறை என்ற பெயரை வைத்தவருக்கு நல்ல தமிழ் தெரிந்திருக்கிறது என்று மிருதுளாவுக்குத் தோன்றியது. கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள் அவள். கணவன் இப்படிக் கிடக்கும்போது ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கிறோமே என்று தன் மீதே வெறுப்பாக இருந்தது. செந்தூரன் கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு மட்டும் தானாக வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் குழாய். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே காபி கேட்டவன், காபி வருவதற்குள் சரிந்துவிட்டான். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. ஓரத்தில் பச்சை விளக்கு. வீட்டில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, ரம்புத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் இதே போல ஒன்று இருக்கிறது.

"டாக்டர், இது உயிர்ப்புமானிதானே? விதைக்கு வைக்கறது?"

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா? விதைக்குன்னு வந்ததுதான். ரொம்பச் சரியாச் சொல்லுதுன்னு பார்த்து, அதையே ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுத்திருக்காங்க."

"எங்க வீட்டுக்காரர் அஞ்சு வருசமா அதைத்தான் கட்டிட்டு அழுதாரு" என்றாள் மிருதுளா.

* * *

கோடை வருடங்கள் என்று எல்லோரும் சொல்லும் அந்த நாலு வருடங்களில் மலைச்சரிவுத் தோப்புகள் கருகிப்போயின. மங்குஸ்தான், துரியன், ரம்புத்தான் என்று கல்லாறு பக்கம் காய்த்த மரங்களில் மிச்சம் நின்றவை கொஞ்சம்தான். அவற்றின் விதைகளை எங்காவது பத்திரப்படுத்தலாம் என்றால் அதுவும் ஆகவில்லை. பழமரக் காப்பகத்தார் கடைசியில் வீடுகளைத் தேடி வந்தார்கள். ஈரத் துணியில் சுற்றிய விதைகளைத் தபாலில் அனுப்புவார்கள். முளைக்க வைத்து, கன்றாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பம்பு கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் வேலையில் இருந்த செந்தூரன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

"நெல்லு, கம்பு மாதிரி காயவெச்சு டப்பாவுல போட்டு வெக்க வேண்டியதுதானே? எதுக்கு நம்ம வீட்டை நாறடிக்கறாங்க?" என்று மிருதுளா கேட்டாள்.

"காஞ்சாச் செத்துரும் அம்மிணி. ஃப்ரிட்ஜுல வெச்சாலும் செத்துரும். பழத்தை விட்டு வெளிய வந்தா உடனே மண்ணு வேணும் இதுகளுக்கு. காத்திருக்கவே தெரியாத சாதி."

"உங்க அண்ணன் மாதிரி."

அவன் சிரித்தான். விதையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் பொறுமையாகத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். துளி சதை ஒட்டியிருந்தாலும் பூசணம் பிடித்துவிடுமாம். பிறகு நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளில் படுக்க வைத்து, டப்பாவை மூடி, ஃப்ரிட்ஜின் தலையில் வைப்பான். அங்கேதான் பகலும் இரவும் ஒரே வெதுவெதுப்பு இருக்குமாம். துரியன் வந்த மாதம் மட்டும் மிருதுளா தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

விதைகளோடு உயிர்ப்புமானியும் வந்திருந்தது.

"இது எப்படிங்க கண்டுபிடிக்குது?"

"உசுரோட இருக்கற எதுவும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கொஞ்சம் விடுமாம். அதை அளக்குது. எந்த அளவு இருந்தா முளைக்கும், எந்த அளவு இருந்தா முளைக்காதுன்னு நம்மகிட்டருந்து கத்துக்குது. கடைசியில நாம பொத்தானை அமுத்தறோமே, அதை வெச்சு."

பொத்தான்கள் இரண்டே இரண்டு. 'முளைத்தது', 'முளைக்கவில்லை'. ஒரு தொகுதிக்கு ஏதாவது ஒன்றை அழுத்தி முடித்தால்தான் அடுத்த தொகுதி வரும். இருபதுக்குக் கீழே காட்டினால் இடத்தை அடைக்காமல் அப்புறப்படுத்தச் சொல்லிக் காப்பகத்தார் அறிவுறுத்தியிருந்தார்கள். அடுத்த பொதி அவசரமாக வந்துகொண்டே இருந்தது. வழியில் நிற்கும் விதைகள் செத்துக்கொண்டிருந்தன. அதனால் மாநிலம் முழுக்க, விதை வளர்த்த எல்லா வீடுகளிலும் ஒரே வழக்கம்தான். எண் குறைவாக இருந்தால் விதையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு 'முளைக்கவில்லை'யை அழுத்துவது.

ஆவணி மாதத்தில் வந்த மங்குஸ்தான் தொகுதி மோசமாக இருந்தது. ஒன்பது என்று காட்டியது. நார்த்தூள் நிரப்பி அவன் மூடி வைத்திருந்தது மிருதுளாவின் மதியச் சாப்பாட்டு டப்பா.

"ஒம்பதாம்! இதுக்கு என் டப்பாதான் கிடைச்சுதா?" என்று சொல்லி, அவளே பொத்தானை அழுத்தினாள். "போட்டுட்டுக் கழுவி வைங்க."

"சரி அம்மிணி."

அந்த டப்பா அதற்குப் பிறகு அவள் கண்ணில் படவே இல்லை. ஆபீஸில் மறந்து வைத்துவிட்டேன் என்று அவன் சொன்னான். மார்கழி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

* * *

"நல்ல வேட்டி ஒண்ணு எடுத்துட்டு வா மிருது" என்று ரகுபதி ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அமைதி அறைக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட அவர் தயாராகிவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

வீட்டில், வேட்டிகள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அது லேசாக உறுமிக்கொண்டிருந்தது. வேட்டியை உருவியபோது இன்வெர்ட்டருக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிந்தது. கையை விட்டு எடுத்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா.

வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் திறந்தாள். நார்த்தூள் இன்னும் ஈரமாக இருந்தது. விழுவதற்கு முந்தின நாள் வரை அவன் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் தட்டையான விதைகள். ஆறேழு கருத்துச் சுருங்கிக் கிடந்தன. ஒன்றின் ஒரு முனையில் வெள்ளை நூல் போல வேர். மறு முனையில் செம்பு நிறத்தில் ஒரு கூர்முளை.

"பொய் சொல்லியிருக்கீங்க" என்று சத்தமாகவே சொன்னாள். "ஆபீஸ்ல மறந்துட்டேன்னு மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கீங்க."

வேட்டி மடியில் விழ, அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இத்தனை நாளும் வராத அழுகை இப்போது வந்தது. அழுது முடிந்தபோது தலைக்குள் ஏதோ ஒன்று தெளிவாக இருந்தது. ஒன்பது என்று காட்டிய விதை. முளைக்கவில்லை என்று அழுத்தியவள் அவள். அந்தக் கருவி அதை நம்பிக் கற்றுக்கொண்டது. எத்தனை வீட்டிலிருந்து எத்தனை பேர் இப்படி அழுத்தியிருப்பார்கள்?

வேட்டியை மடித்து உள்ளே வைத்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

* * *

டாக்டர் பெனிட்டா முளையை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"அழகா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா மிருதுளா, ஒரு விதை தப்பிப் பிழைக்கறது எங்கயும் நடக்கும்."

"இருபதுக்குக் கீழ வந்தவங்க யாராவது எந்திரிச்சிருக்காங்களா டாக்டர், உங்க ஆஸ்பத்திரியில?"

"இல்ல. ஒருத்தர்கூட இல்ல. அதனாலதான் நம்பிக்கையாச் சொல்றோம்."

"அவங்களை எல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"அமைதி அறைக்கு..." என்று ஆரம்பித்த பெனிட்டா நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"நாங்களும் அதைத்தானுங்க செஞ்சோம்" என்றாள் மிருதுளா. "குப்பையில போட்டுட்டு, முளைக்கலைன்னு அமுத்துனோம். அதுவும் ஆமாம்னு கேட்டுக்கிச்சு."

ரகுபதிக்குப் பொறுக்கவில்லை. "விதையும் மனுசனும் ஒண்ணா மிருது? என்ன பேச்சு இது?"

"அந்த மிஷினுக்கு ஒண்ணுதான் மாமா. விதையில பாடம் படிச்சுட்டுத்தான் இவர் விரல்ல வந்து உக்காந்திருக்குது."

"பதினாலுன்னா பதினாலுதான்! அவனை இப்படி வெச்சு என்னால பாக்க முடியாது. கண்ணு முழிக்காம, கஞ்சிக்குக் குழாய் போட்டு... அவனுக்கே பிடிக்காது இது."

"அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்குத் தெரியலைங்க மாமா. ஆனா ஒம்பதை அவர் தூக்கிப் போடலை. எனக்குத் தெரியாம மறைச்சு வெச்சு, தண்ணி ஊத்தியிருக்காரு."

பெனிட்டா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அவர் குரலில் டாக்டர் தோரணை போயிருந்தது. "இங்க படுக்கை கொடுக்க என் கையில அதிகாரம் இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்க சொன்னா நான் தடுக்க மாட்டேன். குழாயில கஞ்சி விடறது, சளி எடுக்கறது, புரட்டிப் போடறது எல்லாம் நர்ஸ் சொல்லித் தருவாங்க. ரொம்பக் கஷ்டம். எத்தனை நாளைக்குன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. முடிவு நல்லா இருக்கும்னும் நான் சொல்ல மாட்டேன்."

"நான் அதைக் கேக்கலைங்களே" என்றாள் மிருதுளா.

ரகுபதி எழுந்து வெளியே போனார். வண்டியில் ஏற்றும்போதும் அவர் வரவில்லை.

* * *

ஹாலில் சன்னலோரம் கட்டில் போட்டாள். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காலையில் கஞ்சியை வடிகட்டி ஆறவைத்துக் குழாயில் விடுவது, முதுகில் புண் வராமல் புரட்டுவது, கைகால்களை நீவி மடக்கி நீட்டுவது என்று பொழுது போனது. கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு நீளப் பையில் மங்குஸ்தான் முளை நின்றது. அதன் வேர் பக்கவாட்டில் ஓடாது, நேரே கீழேதான் போகும், அதனால் ஆழமான பை வேண்டும் என்று அவன் சொன்னது நினைவிருந்தது.

நடுநடுவே பேசிக்கொண்டே இருப்பாள். "துரியன் ஒரு பொதி வரட்டுமாங்க? அந்த நாத்தத்துக்காவது எந்திரிப்பீங்களான்னு பாக்கறேன்" என்பாள். "உங்க அண்ணன் போனையே எடுக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் கேக்கோணும்" என்பாள்.

முதலில் தினமும் வீட்டு உயிர்ப்புமானியின் கவ்வியை அவன் விரலில் மாட்டிப் பார்த்தாள். பதினான்கு. பதிமூன்று. மறுபடியும் பதினான்கு. ஒருநாள் பதினாறு காட்டியதும் மனம் கூத்தாடியது. மறுநாள் பன்னிரண்டானதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணைப் பார்த்த நாளெல்லாம் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு மதியம் உறைத்தது. கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

பங்குனி முடியும்போது ரகுபதி வந்தார். ஒரு கையில் சவர சாமான், இன்னொரு கையில் இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி. பேட்டரியை மாட்டினார். பிறகு தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து நுரை பூசினார்.

"பொம்பளை வேலைன்னா இப்படித்தான். தாடியை நட்டு வெச்சிருக்கா பாரு" என்றார் செந்தூரனிடம்.

"உங்களுக்காகத்தான் விட்டு வெச்சேன் மாமா."

அவர் கத்தியை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு ஞாயிறுதோறும் சவரம் அவருடைய வேலையாயிற்று.

சித்திரையில் ஒருநாள், தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரனோடு போட்ட சண்டையை மிருதுளா செந்தூரனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் வலது கண்ணிலிருந்து ஒரு துளி நீர் வழிந்து காதோரம் இறங்கியது. அவசரமாகப் பெனிட்டாவுக்குப் போன் செய்தாள். டாக்டர் அன்று மாலையே நேரில் வந்தார். கண்ணைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். பாதத்தைக் கீறிப் பார்த்தார்.

"இது அவர் கேட்டதாலயா டாக்டர்?"

பெனிட்டா விளக்கை அணைத்தார். "தெரியலைங்க" என்றார். "நிஜமாவே தெரியலை."

ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை ஒருவர் வாயிலும் மிருதுளா கேட்டதில்லை. ஏனோ அது ஆறுதலாக இருந்தது.

ஆடிக் காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம், ரகுபதி சவரம் முடித்து முகத்தைத் துடைத்துவிட்ட கொஞ்ச நேரத்தில், செந்தூரனின் மூச்சு நீளமாக ஒன்று வந்து நின்றது. இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. மிருதுளா ஒரு கையை அவன் நெஞ்சிலும் இன்னொரு கையை ரகுபதியின் தோளிலும் வைத்திருந்தாள்.

* * *

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெனிட்டா வந்தார். காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார்.

"மிஷின் சொன்னது சரியாப் போச்சு, அதானே டாக்டர்?" என்று மிருதுளாவே எடுத்துக் கொடுத்தாள்.

"அதைச் சொல்ல வரலைங்க."

"சொன்னாலும் தப்பில்ல. இவர் விசயத்துல சரிதான். ஆனா அது சரின்னு இப்பத்தானே தெரியுது? அன்னைக்கே குழாயைப் பிடுங்கியிருந்தா, சரியா தப்பான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ராத்திரி ராத்திரி அதைக் கேட்டுட்டே கிடந்திருப்பேன். இப்பத் தூங்கறேன்."

பெனிட்டா தலையசைத்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கப்புறம் நாலஞ்சு குடும்பத்துக்கிட்ட நான் பேசினேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. பெரும்பாலும் இவர் மாதிரிதான் முடிஞ்சது. ஆனா பதினொண்ணு காட்டின ஒரு பொண்ணு, அன்னூர்க்காரப் பொண்ணு, போன மாசம் கண்ணு முழிச்சுட்டா. முழிச்சதும் அவங்கம்மாவைத் திட்டினாளாம், முடியை ஏன் வெட்டினீங்கன்னு."

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"காப்பகத்துக்கு எழுதினேன். உங்க விதையைப் பத்தி, அந்தப் பொண்ணைப் பத்தி. அவங்க கருவியை மாத்தியிருக்காங்க. இன்னிக்கு உங்க வீட்டு மிஷின்லயும் வந்திருக்கும், பாருங்க."

இழுப்பறையிலிருந்து எடுத்தாள். சார்ஜ் ஏற்றியதும் திரை விழித்தது. அதில் இப்போது மூன்று பொத்தான்கள் இருந்தன. 'முளைத்தது', 'முளைக்கவில்லை', 'காத்திருக்கவில்லை'. விதை வளர்க்கும் எல்லோரும் தங்கள் பழைய பதிவுகளை உண்மையாகத் திருத்தித் தரும்படி கீழே ஒரு வேண்டுகோள் இருந்தது.

அந்த வாரம் முழுக்க மிருதுளா செந்தூரனின் பெயரில் இருந்த தொகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினாள். காத்திருக்கவில்லை. காத்திருக்கவில்லை. துரியன், காத்திருக்கவில்லை. ஒன்பது காட்டிய மங்குஸ்தானுக்கு மட்டும் 'முளைத்தது' என்று அழுத்திவிட்டு, தலைமாட்டுப் பையைப் பார்த்தாள். பளபளவென்று முதல் ஜோடி இலை விரிந்திருந்தது.

செந்தூரனின் விரலில் அளந்த எண்களும் அதே கருவியில் இருந்தன. அந்தத் தொகுதி இன்னும் முடிக்கப்படாமல் நின்றது. அவள் ரகுபதிக்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் கருவியை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, "நீயே அமுத்து" என்றார். 'முளைக்கவில்லை' என்ற நடுப் பொத்தானை அழுத்தினாள்.

புரட்டாசியில் புதுப் பொதி வந்தது. மங்குஸ்தான். பழைய பிரஷால் சதையைத் தேய்த்து எடுத்து, முதல் விதையில் கவ்வியை மாட்டினாள். திரையில் எண் வரவில்லை. கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினாள். பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. எண் இருந்த இடத்தில் ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

'தெரியாது.'

பெனிட்டாவுக்குப் போன் செய்தபோது அவர் வார்டில் இருந்தார். "இங்கயும் அப்படித்தாங்க" என்றார். "எல்லா வீட்டுலருந்தும் திருத்தி அனுப்பினாங்களாம். இருபதுக்குக் கீழ இருந்ததுல முக்காலே மூணு வீசம் காத்திருக்கவில்லைன்னு வந்திருக்கு. இப்ப அந்த அளவு வந்தா மிஷினுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. எங்க வார்டுல ஆறு பேருக்கு அந்தச் சொல்தான் காட்டுது. அமைதி அறைக்கு யாரையும் அனுப்ப முடியலை. படுக்கைக்கு அடிதடியா இருக்கு. எங்க வைக்கறது, யார் பாத்துக்கறது, ஒண்ணும் புரியலை." பிறகு கேட்டார். "மிருதுளா, புரட்டிப் போடறது எப்படின்னு இங்க வந்து ரெண்டு பேருக்குச் சொல்லித் தர முடியுமா?"

"வரேனுங்க. கையில ஒரு வேலை இருக்குது, முடிச்சுட்டு வரேன்."

நார்த்தூளை நனைத்துப் பிழிந்தாள். விதைகளைப் படுக்க வைத்தாள். டப்பாவை மூடி, ஃப்ரிட்ஜின் தலையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.